புதுச்சேரி: கடற்கரையிலிருந்து கடைசி பெஞ்சு வரை

புதுச்சேரியைப் பள்ளிக்கூடங்களின் வழியாகவும் சுற்றிப் பார்க்கலாம். கடற்கரைச் சாலையில் தொடங்கி மேற்கே நடந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கல்வி வரலாறு வீதிக்கு வீதி நிற்கிறது. பிரெஞ்சு அரசு தொடங்கிய பள்ளி, பாதிரிமார் தொடங்கிய பள்ளி, செட்டியார் ஒருவர் தொடங்கிய பள்ளி, ஆசிரமம் நடத்தும் பள்ளி, இன்றைய அரசு நடத்தும் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம், ஒரு நோக்கம், ஒரு வகை மாணவர் கூட்டம். பள்ளிகளுக்குப் பஞ்சமில்லாத இந்த ஊரில் ஒரு சிக்கல் மட்டும் எல்லாக் காலத்திலும் தொடர்ந்திருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருந்தும் பாடத்தில் இல்லாத பிள்ளையை எப்படி எட்டுவது என்பதே அது. மீனவர் குப்பம், மில் தொழிலாளர் குடியிருப்பு, தறிக்காரர் தெரு ஆகிய இடங்களிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் ஒதுங்கும் பிள்ளைக்கு இந்த நகரம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கண்டது. கிழக்கே கடலிலிருந்து மேற்கே இலாசுப்பேட்டை வரை செல்லும் பயணத்தில் அந்த விடைகளை வரிசையாகப் பார்க்க முடிகிறது.

நகரின் அமைப்பு முதலில் தெரிய வேண்டும். 1674 முதல் பிரெஞ்சுக்காரர் கையிலும், இடையிடையே டச்சுக்காரர், ஆங்கிலேயர் கையிலும் இருந்த ஊர் இது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. ஊரை நடுவில் வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் பிரிக்கிறது. அதன் கிழக்கே கடலையொட்டி வெள்ளையர் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பள்ளியும் இந்தக் கோட்டைப் பார்த்தே அமைந்தது. எந்தப் பக்கத்துப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம், எந்த மொழியில் படிக்கலாம், படித்து முடித்து எந்த வேலையை எதிர்பார்க்கலாம் என்பதையெல்லாம் வாய்க்கால் பெருமளவு தீர்மானித்தது.

வாய்க்காலுக்குக் கிழக்கே

கடற்கரைப் பகுதியின் மூத்த பள்ளி, இன்று பிரெஞ்சு லிசே என்று அழைக்கப்படும் நிறுவனம். ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில் 1826இல் அரசர் கல்லூரியாகத் தொடங்கியது. பிறகு குடியேற்றக் கல்லூரி என்று பெயர் மாறியது. இந்தியாவுடன் இணைந்த பிறகும் பிரெஞ்சுப் பாடத்திட்டத்திலேயே தொடர்கிறது. இங்கே படிக்கும் பிள்ளை பிரான்சில் படிக்கும் பிள்ளை எழுதும் பக்கலோரேயா தேர்வையே எழுதுகிறது. அடுத்த ஆண்டு, 1827இல், பொது நூலகம் அமைந்தது. இன்று அது ரோமன் ரோலண்ட் நூலகம். அதே 1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் வந்து பெண் கல்வியைத் தொடங்கினார்கள். பள்ளி, நூலகம், பெண் கல்வி மூன்றும் இரண்டே ஆண்டுகளில் வந்த ஊர் இது. ஆனால் பாடம் நடந்த மொழியும் பாடத்தில் வந்த உலகமும் வாய்க்காலுக்கு மேற்கே பிறந்த பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் இல்லாதவை.

இதே கிழக்குப் பகுதியில் முற்றிலும் வேறான ஒரு முறை இருபதாம் நூற்றாண்டில் உருவானது. ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்தார். அதற்குச் சற்று முன் கல்கத்தாவில் அவர் நடத்திய கர்மயோகின் இதழில் தேசியக் கல்வி பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றில் அவர் வகுத்த கருத்துகள் மூன்று. அறிவை வெளியிலிருந்து யாரும் புகுத்த முடியாது, ஆசிரியர் வழிகாட்டும் துணைவரே. பிள்ளையின் வளர்ச்சியில் அந்தப் பிள்ளையின் மனத்தையும் கலந்துகொள்ள வேண்டும். பாடம் அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதற்குப் போக வேண்டும்.

இந்தக் கருத்துகளுக்குப் பள்ளி வடிவம் கொடுத்தவர் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தை நடத்திய அன்னை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அடியார்களின் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பிள்ளைகளுக்காக 1943 டிசம்பர் 2 அன்று ஒரு சிறு பள்ளி திறக்கப்பட்டது. அது வளர்ந்து, இன்று ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையமாக நடக்கிறது. இங்கே பொதுத்தேர்வு இல்லை, பட்டமும் இல்லை. கணிதமும் அறிவியலும் பிரெஞ்சிலும், மற்றப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. மேல் வகுப்பில் எதை எவ்வளவு வேகத்தில் படிப்பது என்பதில் மாணவருக்குப் பெரும் உரிமை உண்டு. ஆசிரியர்கள் சம்பளத்துக்குப் பாடம் சொல்பவர்கள் அல்லர். பெரும்பாலோர் ஆசிரமவாசிகள்.

வெளியூரிலிருந்து வரும் கல்வியாளர்கள் இந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டு அரசுப் பள்ளிகளிலும் இதையே செய்யலாமே என்று சொல்வதுண்டு. அப்படியே எடுத்துச் செல்ல முடியாததற்குக் காரணங்கள் உண்டு. வகுப்புகள் சிறியவை. பெற்றோர் இந்தக் கல்வியை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள். மாணவர் வீட்டில் அடுத்த வேளைச் சோறு பற்றிய கவலை இல்லை. ஆனால் அருகிலிருந்து தொலைவுக்கு என்ற மூன்றாவது கருத்துக்குப் பணமும் வேண்டாம், சிறு வகுப்பும் வேண்டாம். வாய்க்காலைத் தாண்டி மேற்கே போகும்போது, எங்கெல்லாம் பிள்ளைகள் பாடத்துக்குத் திரும்பினார்களோ அங்கெல்லாம் இந்தக் கருத்து, யார் சொன்னது என்று தெரிந்தோ தெரியாமலோ, நடைமுறையில் இருந்திருக்கிறது.

மிஷன் வீதி

வாய்க்காலைத் தாண்டியதும் வரும் மிஷன் வீதி, தமிழர் பகுதியின் கல்வி வரலாற்றுக்கு நடு முற்றம். பாரிஸ் வேதபோதக சபையினர் 1844இல் தொடங்கிய பெத்தி செமினார் பள்ளி நகரத் தமிழர்களில் பல தலைமுறைகளுக்குக் கல்வி தந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்தை நாவலாக்கி, ‘வானம் வசப்படும்’ நூலுக்காக 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பிரபஞ்சன் அங்கே படித்தவர்.

மிஷன் வீதியிலேயே உள்ளது கலவைக் கல்லூரி. கல்வே சுப்புராயச் செட்டியார் 1877இல் நிறுவியது. பாதிரிமார் பள்ளிக்கும் பிரெஞ்சு அரசின் பள்ளிக்கும் வெளியே நின்ற இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக உள்ளூர்ப் பணம் கட்டிய பள்ளி என்பது இதன் சிறப்பு. வீதியைப் பார்த்த நீண்ட முகப்பு, உயரமான சன்னல்கள், உள்ளே முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம் என்று கட்டடம் இன்றும் எடுப்பாக இருக்கிறது. இப்போது இது அரசு மேல்நிலைப்பள்ளி. பழுதடைந்திருந்த கட்டடம் அண்மையில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. பிரெஞ்சு இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் தலைவர் வ.சுப்பையாவும் கவிஞர் பாரதிதாசனும் இதன் பழைய மாணவர்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் படிப்பின் ஏணி தெளிவானது. தொடக்கப் படிப்பின் முடிவில் செர்த்திபிகா, அதற்கு மேல் பிரவே. பிரவே தேறியவருக்கு ஆசிரியர், எழுத்தர் வேலை. தமிழுக்கென்றும் ஒரு பிரவே தேர்வு இருந்தது. தமிழ் படித்தவருக்கும் அரசுச் சம்பளம் உண்டு என்ற நிலையை அது உருவாக்கியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை படிப்பைத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் இப்படிப்பட்ட ஏணி பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். படிப்பின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாத வீட்டில்தான் பிள்ளை முதலில் வேலைக்கு அனுப்பப்படுகிறது.

பெருமாள் கோயில் வீதி

மிஷன் வீதியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடும் அப்படியே. 1908 முதல் 1918 வரை பாரதி இந்த ஊரில் இருந்தார். குழந்தைகளுக்கான அவருடைய பாப்பா பாட்டு இங்கிருந்த காலத்தில், 1915இல் வெளிவந்தது. இரண்டு வீடுகளையும் பார்க்க வருபவர்கள் கவிஞர்களைப் பார்க்க வருகிறார்கள். பாரதிதாசன் வாழ்நாளில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் பாடம் சொன்ன பள்ளிக்கூட வாத்தியார் என்பது அவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

கனகசபை மகன் சுப்புரத்தினமான பாரதிதாசன் 1891 ஏப்ரல் 29 அன்று பிறந்தார். முதலில் திருப்புளிச்சாமி ஐயாவிடம் திண்ணைப் பள்ளிப் படிப்பு, பிறகு கலவைக் கல்லூரியில் தமிழ்ப் படிப்பு. 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் அரசுத் தமிழாசிரியராக வேலை. அங்கிருந்து ஊர் ஊராக மாற்றலாகி, 37 ஆண்டுகள் பணிபுரிந்து 1946இல் ஓய்வு பெற்றார். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அவரிடம் அகரம் முதல் யாப்பு வரை படித்தார்கள்.

அந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதை அவரிடமிருந்து வெளிவந்தவர்களை வைத்து அறியலாம். வில்லியனூரில் அவரிடம் தொடக்கக் கல்வி பெற்ற அரங்கசாமி என்ற எத்திராசலு பின்னாளில் கவிஞர் வாணிதாசன் ஆனார். தாமும் பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்தார். முத்தியால்பேட்டையில் படித்து வளர்ந்த கவிஞர் தமிழ்ஒளியும் பாரதிதாசனின் மாணவர். எளிய குடும்பத்திலிருந்து வந்து உழைப்பாளர் வாழ்க்கையைப் பாடியவர். வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளையும் கவிஞராவதில்லை. ஆனால் பிரெஞ்சு தெரிந்தவனே படித்தவன் என்றிருந்த ஊரில், பிள்ளையின் வீட்டு மொழியை வகுப்பின் பெருமைக்குரிய பொருளாக்கிய ஆசிரியர் ஒருவர் இருந்தார் என்பதற்கு இவர்கள் சான்று. சிறுவர்களுக்காக அவர் எழுதிய ‘இளைஞர் இலக்கியம்’ தொகுப்பிலும் ஊர்தி, தொழில் என்று பிள்ளை தினமும் கண்ணால் பார்ப்பவையே பாட்டுக்குப் பொருளாகின்றன.

முதலியார்பேட்டை, உப்பளம்

நகரின் நீள்வட்டச் சாலைகளுக்கு வெளியே, தெற்கிலும் தென்மேற்கிலும் தொழிலாளர் பகுதிகள் தொடங்குகின்றன. முதலியார்பேட்டையில் 1898இல் தொடங்கிய ஏ.எப்.டி. மில் ஊரின் உழைக்கும் குடும்பங்களுக்குப் பல தலைமுறைகளாக வேலை தந்தது. 1936 ஜூலை 30 அன்று நடந்த மில் தொழிலாளர் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு 12 பேர் பலியானார்கள். அதன் பின் 1937இல் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. பஞ்சாலைகள் நலிந்து, 2020இல் மூடப்பட்டன. மாதச் சம்பளம் இருந்த வீடுகளில் அடுத்த தலைமுறை கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் கடை வேலைக்கும் போனது. தந்தைக்கு நிலையான வேலை இல்லாத வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை விடுமுறை நாளில் வேலைக்குப் போகத் தொடங்கும். பிறகு திங்கட்கிழமைகளில் பள்ளிக்கு வராது. அதன் பிறகு எப்போதாவதுதான் வரும். அரசு ஆவணம் இதற்கு இடைநிற்றல் என்று பெயர் வைக்கிறது. பெயர் பதிவேட்டிலிருந்து நீங்குவதற்கு நெடுநாள் முன்பே பிள்ளையின் மனம் வகுப்பை விட்டுப் போயிருக்கும்.

அப்படிப் போய்விட்ட பிள்ளையை வகுப்பில் அடையாளம் காண்பது கடினமில்லை. கரும்பலகையில் உள்ளதை அச்சுப் பிசகாமல் பார்த்து எழுதும். நோட்டு சுத்தமாக இருக்கும், சிவப்பு மையில் ஆசிரியரின் கையெழுத்தும் இருக்கும். எழுதிய வரியை வாசிக்கச் சொன்னால் தலை குனியும், அல்லது பக்கத்துப் பையனைச் சீண்டி வகுப்பைச் சிரிக்க வைத்துத் தப்பிக்கும். குறும்பு என்று பெயர் வாங்குவது படிக்கத் தெரியாது என்று பெயர் வாங்குவதைவிட அதற்குக் கௌரவம். இதைப் புரிந்துகொள்ளாத ஆசிரியர் குறும்பைத் தண்டிப்பார். புரிந்துகொண்டவர், வாசிக்க முடியாததை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்காமல் தனியே சரிசெய்யப் பார்ப்பார்.

வயிற்றுப் பசியைப் பொறுத்தவரை புதுச்சேரி முன்னோடி. பள்ளியில் மதிய உணவு தரும் திட்டத்தைப் பிரெஞ்சு நிர்வாகம் 1930இலேயே இங்கே தொடங்கியது. தமிழ்நாட்டில் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்குக் கால் நூற்றாண்டு முந்தியது இது. 2002இல் காலையில் பாலும் ரொட்டியும் தரும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் வந்தது 2022இல். பிள்ளைகள் பள்ளி வந்து சேர ஒரு ரூபாய்க் கட்டணத்தில் மாணவர் சிறப்புப் பேருந்துகளும் ஓடின. பிள்ளையை வாசல் வரை கொண்டுவருவதற்கு அரசு செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை இந்தச் சிறிய ஒன்றியப் பகுதி பிறருக்கு முன்பே செய்தது. வாசலுக்கு உள்ளே நடக்க வேண்டியது ஆசிரியர் கையில் இருக்கிறது.

உப்பளத்தில் 1962 முதல் இயங்கும் வோலோந்தாரியா, அரசுக்கு வெளியே பிறந்த ஒரு முயற்சி. பெல்ஜியத்திலிருந்து வந்த மதலேன் தெ பிளிக் தொடங்கியது. குடிசைப் பகுதிக் குழந்தைகளின் உணவு, மருத்துவத்தில் ஆரம்பித்துப் பள்ளிக்கும் தொழிற்பயிற்சிக்கும் வளர்ந்தது. பிள்ளையின் படிப்பையும் தாயின் வருமானத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்ததே இதன் அணுகுமுறை. தாய்க்கு வேலை இருந்தால் பிள்ளை பள்ளியில் தங்கும்.

மீன் ஏலத்தில் ஒரு கணக்குப் பாடம்

உப்பளத்துக்கு அடுத்த வம்பாகீரப்பாளையம் மீனவர் பகுதி. சற்றுத் தெற்கே தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம். படகு வந்து சேர்ந்ததும் ஏலம் தொடங்குகிறது. கூடை கூடையாகக் கொட்டிய மீனைச் சுற்றி வியாபாரிகள் நிற்க, ஏலம் விடுபவர் விலையைச் சொல்லச் சொல்ல, சில நொடிகளில் ஒரு கூடை கைமாறிவிடும். நான்காம் வகுப்புக் கணக்கில் சுழி வாங்கும் பையன் இந்த இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மனக்கணக்குப் போடுவான். கூடையில் எத்தனை கிலோ இருக்கும், கிலோ என்ன விலைக்குப் போகும், ஐஸுக்கும் வண்டிக்கும் போக என்ன மிஞ்சும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

விகிதம் என்ற பாடத்தை இங்கிருந்து தொடங்க முடியும். ஃபைபர் படகில் நான்கு பேர் கடலுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன் 12,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 3,000. மீதி 9,000. படகுக்கும் வலைக்கும் சேர்த்து இரண்டு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றால் மொத்தம் ஆறு பங்கு, ஒரு பங்கு 1,500 ரூபாய். படகுக்காரரும் கூடவே போயிருந்தால் அவருக்கு மூன்று பங்கு, 4,500. பங்கு வைக்கும் முறை படகுக்குப் படகு, ஊருக்கு ஊர் மாறும். அந்த மாற்றமே அடுத்த கணக்கு. மீன் குறைந்து 6,000க்கு மட்டும் ஏலம் போனால் பங்கு என்ன ஆகும்? செலவு அப்படியே இருக்க வருமானம் பாதியானால் கூலி பாதியாகுமா, அதற்கும் கீழே போகுமா? 6,000இல் 3,000 செலவு போக மீதி 3,000, பங்குக்கு 500. வருமானம் பாதியானது, கூலியோ மூன்றில் ஒன்றாகிவிட்டது. பாடநூலில் விகிதம், சதவீதம், லாப நட்டம் என்று மூன்று அத்தியாயங்களில் வருவது இந்த ஒரே பங்குக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை வகுப்பில் போடும்போது பதில் சொல்ல முதலில் எழுந்திருப்பவன் கடைசி பெஞ்சுக்காரன். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். படகுக்கு எத்தனை பங்கு என்று ஆசிரியர் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு வகுப்பில் அவன் இடம் மாறுகிறது. ஆனால் பாடம் அங்கேயே நின்றுவிடக் கூடாது. மீன் கணக்கிலிருந்து குறியீட்டுக்கும், குறியீட்டிலிருந்து பொதுத்தேர்வு வினாத்தாளுக்கும் அவனை நடத்திக்கொண்டு போவது ஆசிரியரின் மீதி வேலை. அருகிலிருந்து தொடங்கும் பல முயற்சிகள் அருகிலேயே தங்கிவிடுவதால்தான் தோற்கின்றன.

உலகின் வேறு நகரங்களிலும் இதற்கு இணை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிழக்கே, மெக்சிகோ வழிக் குடும்பங்கள் மிகுந்த பகுதியில் கார்பீல்டு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே. தேறாத பள்ளி என்று பெயரெடுத்த அங்கே, கல்லூரித் தரத்து நுண்கணிதத் தேர்வை 1982இல் 18 மாணவர்கள் எழுதித் தேறினார்கள். இவர்களால் எப்படி முடியும் என்று சந்தேகித்த தேர்வு நிறுவனம் 14 பேரை மறுதேர்வுக்கு அழைத்தது. 12 பேர் மீண்டும் எழுதினார்கள், அனைவரும் தேறினார்கள். எஸ்கலாந்தே பிள்ளைகளின் தெரு மொழியில் பேசினார், வகுப்பில் வேடிக்கை காட்டினார். அதோடு விடியற்காலையிலும் விடுமுறையிலும் கடும் பயிற்சி கொடுத்தார். நெருக்கமும் கண்டிப்பான எதிர்பார்ப்பும் சேர்ந்தே அந்த விளைவைத் தந்தன.

இலாசுப்பேட்டை

நகரின் வடமேற்கே இலாசுப்பேட்டை கல்லூரிகளும் அரசுக் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. 1961இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி இங்கே உள்ளது. இங்குள்ள அரசுக் குடியிருப்பில்தான் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் 2021 மே 17 அன்று மறையும் வரை வாழ்ந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கி.ரா. துணைவேந்தர் கி.வேங்கடசுப்பிரமணியன் காலத்தில், 1989இல், அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேராசிரியராக அழைத்தது. அவர் மாணவர்களைப் புத்தகத்துக்கு அனுப்பவில்லை. பாட்டிமாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் அனுப்பி நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்க வைத்தார். வீட்டுப் பேச்சு ஆய்வுப் பொருளானது. பள்ளியில் தோற்றவர் என்று கணக்கிடப்படக் கூடிய ஒருவரிடம் பல்கலைக்கழகம் பாடம் கேட்டது புதுச்சேரிக் கல்வி வரலாற்றில் தனித்து நிற்கும் நிகழ்ச்சி.

அதே காலத்தில் ஊரெங்கும் நடந்தது அறிவொளி இயக்கம். 1980களின் இறுதியில் புதுவை அறிவியல் இயக்கமும் அரசும் கைகோத்து நடத்திய எழுத்தறிவு இயக்கம் அது. கலைப்பயணக் குழுக்கள் தெருமுனையில் பாட்டும் நாடகமும் போட்டன. தொண்டர்கள் மாலையில் விளக்கடியில் பாடம் சொன்னார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ப்ரெய்ரேயின் சிந்தனை இந்தியாவின் இத்தகைய இயக்கங்களில் பலமாக இருந்தது. வாழ்க்கையில் புழங்கும் சொல்லை முதலில் விவாதித்து, பிறகு எழுத்தாகப் பிரித்துக் கற்பது அவர் முறை. பகலெல்லாம் உழைத்துக் களைத்த பெரியவர் தாமாகவே வந்து உட்கார வேண்டுமென்றால், பாடம் முதல் நாளே அவருக்குச் சொந்தமாகத் தோன்ற வேண்டும். கட்டாயப்படுத்தி உட்கார வைக்க வழியில்லாத இடத்தில் பழகிய தொண்டர்களில் பலர் பிறகு பள்ளி ஆசிரியர்களானபோது இந்தப் பழக்கத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்கள் 1987 முதல் சேர்ந்து நடத்தும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழும், 1993 முதல் நாடெங்கும் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இந்த வழியில் வந்தவை. தெருச் சாக்கடை, குடிநீர், குப்பை என்று தம் பகுதிச் சிக்கலை எடுத்துக்கொண்டு பிள்ளைகளே கேட்டு, அளந்து, எழுதி மாநாட்டில் படிக்கிறார்கள்.

அண்டையில் நடந்த இரண்டு முயற்சிகளும் இங்கே சேர்த்துப் பார்க்கத்தக்கவை. சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளை தன் படியிலிருந்து அட்டைகளின் வழியே முன்னேறியது. சுவரின் கீழ்மட்டத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகை வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பகுதியின் முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் விட்டுப்போன படிப்பைத் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவிலேயே சென்று ஈடுகட்ட முயன்றார்கள்.

இன்றைய நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் எழுத்தறிவு 85.8 சதவீதம். பள்ளிக்கே வராத பிள்ளை என்பது இங்கே இன்று பெரிய சிக்கலில்லை. வந்தும் கற்காத பிள்ளை என்பதே சிக்கல். வசதி வந்த குடும்பங்கள் தனியார் பள்ளிக்குப் போய்விட, நகர அரசுப் பள்ளிகளில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே மிஞ்சினார்கள். பக்கத்தில் நன்றாகப் படிக்கும் கூட்டாளி இல்லாத வகுப்பில் ஆசிரியரின் சுமை இருமடங்கு.

இதற்கிடையே பாடத்திட்டமும் மாறியது. புதுச்சேரிக்கெனத் தனித் தேர்வு வாரியம் இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டையும், மாகி கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. அரசுப் பள்ளிகள் 2023-24இல் 6 முதல் 9 வரையும் 11ஆம் வகுப்பிலும், 2024-25இல் 10, 12ஆம் வகுப்புகளிலும் சிபிஎஸ்இ முறைக்குப் போயின. தனியார் பள்ளிக்கு இணையான பாடம் என்பது இதன் ஆதரவாளர்கள் சொல்லும் நியாயம். தமிழ்வழியில் எட்டு வகுப்பு முடித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கனமான ஆங்கிலப் புத்தகத்தோடு திடீரென்று உட்கார வேண்டியிருந்தது அதன் மறுபக்கம். ஏற்கெனவே பார்த்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது பார்த்து எழுதும் மொழி மட்டுமே மாறியிருக்கும் ஆபத்து உண்டு. புதிய பாடநூலின் முதல் பக்கத்துக்கும் பிள்ளை உண்மையில் நிற்கும் படிக்கும் இடையே பாலம் கட்டும் வகுப்புகள், பாடத்திட்ட மாற்றத்தைவிட அவசரமானவை.

ஏணியின் மறுமுனை இப்போது மீண்டும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-24 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை அடுத்து வந்தது இது. அன்றைக்குப் பிரவே எப்படி எளிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காரணத்தைக் கொடுத்ததோ அப்படி இது இன்றைய மேல்நிலை மாணவருக்குக் கொடுக்கிறது. ஆனால் இது ஏற்கெனவே படிக்கும் பிள்ளையை மேலே தூக்கும் ஏற்பாடு. வாசிக்கத் திணறும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த முனை இன்னும் தெரியவில்லை.

ஆசிரியர் மாற்றலும் கவனிக்க வேண்டியது. புதுச்சேரி அரசாசிரியர்கள் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் மாற்றப்படக் கூடியவர்கள். பாரதிதாசன் காலத்திலேயே இருந்த முறை இது. நிர்வாகத்துக்கு வேண்டியதுதான். எனினும் தலை குனிந்த பிள்ளை ஓர் ஆசிரியரை நம்பி வாய் திறக்க ஓர் ஆண்டு ஆகும். அந்த நம்பிக்கை பாடத் தேர்ச்சியாக மாற இன்னும் ஓரிரு ஆண்டு வேண்டும். அதற்குள் ஆசிரியர் மாறினால் பிள்ளை மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்குகிறது.

கடற்கரையிலிருந்து இலாசுப்பேட்டை வரை பார்த்த முயற்சிகளைச் சேர்த்து வைத்தால் பொதுவான கூறுகள் நான்கு கிடைக்கின்றன. பிள்ளைக்குத் தெரிந்த மொழி, தொழில், தெரு ஆகியவற்றிலிருந்து பாடம் தொடங்கியது. தெரியாததை வைத்துப் பிள்ளையை அவமானப்படுத்தாமல் அதன் உண்மையான படியை ஆசிரியர் கண்டுபிடித்தார். தொடங்கிய இடத்திலேயே நிற்காமல் உயர்ந்த இலக்கை வைத்து உழைக்க வைத்தார். அந்த வேலை முடியும் வரை உடன் இருந்தார். சோறு, பேருந்து, கட்டடம், பாடத்திட்டம், ஒதுக்கீடு ஆகியவற்றை அரசு ஆணை போட்டுத் தர முடியும், இந்த ஊரில் பெரும்பாலும் தந்தும் இருக்கிறது. நான்கு கூறுகளில் முதல் மூன்றும் ஆசிரியரின் பயிற்சியையும் மனப்பாங்கையும் பொறுத்தவை. நான்காவது மட்டும் அவர் கையிலும் இல்லை. நம்பிக்கை பிடித்த வகுப்பிலிருந்து ஆசிரியரை நடுவில் எடுத்துவிடாத மாற்றல் கொள்கையை வகுப்பது கல்வித் துறையின் பொறுப்பு.